கறுப்புக் கரை போட்ட கடிதம்

எங்கள் வீட்டில் சாவுக் கடிதத்தை உள்ளே கொண்டுவர மாட்டோம். ரப்பர்த் தோட்டங்களில் இருந்த உறவுக்காரர்கள் அஞ்சலட்டையின் மூலைகளில் கறுப்பு மையைத் தடவி அனுப்புவார்கள். அந்த மையைக் கண்டதும் அப்பா வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டு படிப்பார். படித்து முடித்ததும் கிழித்துத் தெருவோர லோங்காங் சாக்கடையில் போட்டுவிட்டு, பின்பக்கமாகச் சுற்றிப் போய்க் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவார். யார் போய்விட்டார்கள் என்பதை ஈரத் தலையோடு சொல்வார். இந்த வழக்கத்தில் எனக்கு அப்போதும் குறை இல்லை, இப்போதும் இல்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அதனால் என் வாழ்க்கையில் ஒன்று நடந்தது, அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போது அழுகை வருமோ என்று பார்த்தேன். வரவில்லை.

நாங்கள் மலாக்காவில் காஜா பேராங்கில் இருந்தோம். அப்பா, அண்ணன், நான். அப்பாவுக்கு நகரசபையில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் வேலை. தோட்டத்தில் பிறந்தவர், தமிழ் படிப்பார், மலாய் பேசுவார், ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. அம்மா ஜப்பான்காரன் காலத்தில் போய்விட்டாள். அந்த மூன்று வருடமும் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அதனால் சண்டை முடிந்த பிறகு அப்பா அந்தக் கிழங்கை வீட்டு வாசற்படி ஏற விட்டதில்லை. சந்தையில் யாராவது கூடையில் வைத்திருந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நான் படிப்பில் கெட்டி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, வேறு பெருமை எதுவும் என்னிடம் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்காக அரசாங்கம் என்னை இங்கிலாந்துக்கு அனுப்பியது. மனையியல் படித்தேன். எனக்குக் கொடுத்த அறையில் இன்னொரு கட்டிலில் நைஜீரியாக்காரி ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஒரு தலை உயரம். சிரித்தால் மாடிப்படிக்குக் கீழே கேட்கும். காலையில் கண்ணாடி இல்லாமலேயே தலைத்துணியை நான்கு சுற்றில் கட்டி முடிப்பாள், நான் அதற்குள் ஒரு பக்கப் பின்னலைக்கூட முடித்திருக்க மாட்டேன். முதல் வாரம் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டிருந்தோம். இரண்டாவது வாரம் என் ஊறுகாய் போத்தல் பாதி காலியாகி இருந்தது, பயமும் போய்விட்டது.

ஒருநாள் விரிவுரையாளர் அம்மையார் குழந்தை உணவு பற்றிப் பாடம் எடுத்தார். பசும்பால், பாலில் வேகவைத்த அரிசி, பாலில் கரைத்த மாவு என்று சொல்லிக்கொண்டே போனார். என் தோழி எழுந்து நின்றாள். எங்கள் பக்கத்தில் ஈ கடித்துப் பசு பிழைக்காது, அங்கே குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று கேட்டாள். அம்மையாருக்குக் கோபம் வந்துவிட்டது. டின் பால் இருக்கிறதே என்றார். டின் பால் வாங்க முடியாதவள் என்ன செய்வாள் என்று இவள் விடவில்லை. அன்று மாலை கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்:

"எங்க ஊர்ல எல்லார் வீட்டுப் பின்னாலயும் மரவள்ளி இருக்கு. நான் அதை டப்பாவில அடைக்கப் போறேன். முதல்ல கல்லூரியில பாடம் சொல்லிக் கொடுப்பேன். அப்புறம் தொழிற்சாலை வைப்பேன். ரெண்டையும் செய்வேன், பாரு."

நான் ஜப்பான்காரன் காலத்தைச் சொன்னேன். மரவள்ளி மட்டும் தின்ற பிள்ளைகளுக்கு எப்படி வயிறு வீங்கிக் கால் குச்சியாகும் என்று சொன்னேன். எங்கள் வீட்டு வரிசையில் அப்படி நான்கு பிள்ளைகள் இருந்தார்கள், எனக்கு அவர்கள் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிழங்கோடு பயறு சேர்க்காமல் டப்பாவில் அடைத்தால் நீ பிள்ளைகளைக் கொல்வாய் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து, மெர்டேக்கா என்று எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அதே வருடம் நான் ஊர் திரும்பினேன். பட்டணத்துப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. அவள் அங்கேயே தங்கி மேற்பட்டம் படித்தாள். நீல ஏரோகிராம்கள் மாதம் ஒன்று வரும். அவள் கேள்விகள் அனுப்புவாள், நான் செய்து பார்த்துப் பதில் எழுதுவேன். அங்கே கிழங்கு கிடைக்காது, இங்கே மூலைக்கு மூலை கிடைக்கிறது. அடுத்த வீட்டில் மலாக்காச் செட்டிக் குடும்பம், நம் சாமிதான் கும்பிடுவார்கள், ஆனால் வீட்டில் பேச்சு மலாயில்தான். அந்த அம்மா கிழங்கில் பலகாரம் செய்வதற்கு வைத்திருந்த துருவுபலகையை எனக்கு இரவல் கொடுத்தார். தோல் சீவி, துருவி, அப்பாவின் பழைய வேட்டியில் மூட்டை கட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைப்பேன். மூன்று நாள் புளித்துத் தண்ணீர் வடிந்த பிறகு சலித்து, இரும்புச் சட்டியில் வறுப்பேன். புளிப்பு நாற்றம் தெருவரைக்கும் போகும்.

"எந்தக் கழுதய வூட்டுக்குள்ள வுடக் கூடாதுன்னு நெனச்சேனோ, அத என் வேட்டியிலயே கட்டி வெச்சிருக்கா," என்று அப்பா அண்ணனிடம் முறையிடுவார். ஆனால் மூட்டையைத் தூக்கி எறியவில்லை. சமையல் கட்டுப் பக்கம் வராமல், சாப்பாட்டை வெளியே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டார். அவர் என்னை எதிலும் தடுத்தவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று பங்கு கிழங்கு மாவுக்கு ஒரு பங்கு வறுத்த பச்சைப்பயறு மாவு. அதைவிடக் குறைத்தால் சத்துப் போதாது, கூட்டினால் குழந்தைக்கு வயிறு உப்பும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. எழுதி அனுப்பினேன். அதற்கு வந்த பதிலில்தான் அவள் அந்த விஷயத்தை முதன்முதலாக எழுதியிருந்தாள். அவள் நாட்டில் எங்களுக்கு மூன்று வருடம் பிந்திச் சுதந்திரம் வரப்போகிறது. புதிய கல்லூரி ஒன்றில் மனையியல் துறையைத் தொடங்க அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். துறைக்கு அனுமதி கிடைத்ததும் எழுதுவாளாம். முதல் விரிவுரையாளராக நான் போக வேண்டும். தொழிற்சாலையை இருவரும் சேர்ந்து தொடங்க வேண்டும். 'பயறு உன்னுடையது, கிழங்கு என்னுடையது' என்று அடியில் கோடு போட்டிருந்தாள்.

என் வயது அப்போது இருபத்தாறு. பெண் பார்க்க வந்தவர்கள் இங்கிலாந்து போய் வந்தவள் என்றதும் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பள்ளியில் நான் பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏரோகிராமைப் படித்த அன்று எனக்கு நடையே மாறிவிட்டது. வாழ்க்கையில் நான் எதையாவது உண்மையாகவே விரும்பினேன் என்றால் அது இது ஒன்றுதான்.

அப்பாவிடம் கேட்க மூன்று வாரம் ஆனது. முற்றத்தில் குழாய்ச் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆப்பிரிக்காவா?"

"ஆமாம்பா. காலேஜ்ல வேல."

"அந்தக் கிழங்குக்காரப் பொண்ணா?"

"ஆமா."

நெடுநேரம் துடைத்தார். "மொத அண்ணன் கல்யாணம் முடியட்டும். கடுதாசி வரட்டும். வந்தா பாப்போம்லா," என்றார். அப்பா 'பார்ப்போம்' என்றால் சரி என்று அர்த்தம். எங்களுக்கு அது தெரியும்.

அதிலிருந்து நான் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் படிப்பை முடித்து ஊர் திரும்பிவிட்டதாக அங்கிருந்து எழுதினாள். அவள் நாட்டில் கொடி ஏறிய செய்தி பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு மாதங்கள் போயின. அண்ணனுக்குப் பெண் முடிவாகி, வீட்டில் பந்தக்கால் நட்டார்கள். பந்தக்கால் நட்ட வீட்டுக்குச் சாவுச் செய்தி வரக்கூடாது, அந்த வீட்டுக்காரர் சாவு வீட்டுக்குப் போகவும் கூடாது. கல்யாணம், மறுவீடு எல்லாம் முடிந்து, ஓலைப் பந்தலையும் பிரித்தாயிற்று. நான் பின்பக்கத்தில் இரவல் வாங்கிய அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து கொய்யா மரத்தடியில் நின்றார்.

"ஒன்னு சொல்லணும், புள்ள. கல்யாணத்துக்கு மூணு நாளு முன்ன ஒரு கடுதாசி வந்திச்சி."

நான் எழுந்தேன். கை முழுக்கப் புளி.

"அந்த ஊரு தபால்தல. சுத்திவரக் கறுப்புக் கர போட்டிருந்திச்சி. நல்லா வெரல் மொத்தத்துக்கு. நான் கேட்டுக் கதவுகிட்டயே கிழிச்சி லோங்காங்குல வுட்டுட்டேன். கல்யாண வூட்ல ஒங்கிட்ட எப்புடிச் சொல்றது?" அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் பொண்ணு போயிருச்சிம்மா."

"சுத்திவரவா?" என்று கேட்டேன்.

"சுத்திவர."

"சரிப்பா," என்றேன். திரும்ப உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்தேன். இன்னும் இரண்டு அண்டா மிச்சம் இருந்தது, அவற்றையும் தேய்த்தேன். பிறகு குளித்தேன்.

உறையின் மேல் விலாசம் கையெழுத்தா, தட்டச்சா? உள்ளே எத்தனை தாள்? அப்பா ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், அவர் கறுப்பை மட்டும்தான் பார்த்தார். நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவள் வீட்டாருக்கு இரண்டு வரி எழுதியிருக்கலாம், கல்லூரிக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை. துக்கம் கேட்பதென்றால் நேரில் போய்க் கேட்க வேண்டும், காரியம் முடிந்த பிறகு காகிதத்தில் கேட்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கறுப்புக் கரையைச் சந்தேகிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் படித்தவள் நான். அங்கே துக்கத்தில் இருப்பவர்கள் எழுதும் எல்லாக் கடிதத்துக்கும் கறுப்புக் கரை உண்டு என்பதைக் கடையிலேயே பார்த்திருக்கிறேன். பார்த்தது ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு சிலசமயம் அப்பா வேண்டுமென்றே கிழித்திருப்பாரோ என்று நினைத்ததுண்டு. இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் அவருக்கு வராது.

அவளோடு நான் எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருந்தது. அப்பா அதற்கு மாலை போடச் சொன்னார். அதில் நானும் நிற்கிறேனே என்றேன். உயிரோடு இருப்பவள் நிற்கும் படத்துக்கு மாலை போட முடியாது, நடுவில் வெட்டவும் மனசில்லை. படம் பெட்டியிலேயே கிடந்தது. ஆனால் ஆடி அமாவாசைக்கு அம்மாவுக்கு இலை போடும்போது பக்கத்தில் இன்னோர் இலையை அப்பாவே போட்டார். 'அது யாருமில்லாம செத்த புள்ளயாட்டம் கெடக்க வேணாம்' என்றார். அந்த இலைக்கு நான் மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்தேன். அப்பா பார்த்தார், பக்கத்தில் தண்ணீரும் வைத்தார். நான்கு ஆடி அமாவாசை இப்படி நடந்தது. நான் பள்ளிக்குப் போனேன், வந்தேன். பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கக் கற்றுக்கொடுத்தேன். எதுவும் வலிக்கவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல அவ்வப்போது அவளை நினைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

நான்காவது ஆடி முடிந்த பிறகு, பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால் வாசலில் டாக்சி வந்து நின்றது. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வேலியோரத்துச் செம்பருத்தியைக் கழித்துக்கொண்டிருந்தார். கத்தி கீழே விழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். தலைத்துணி நான்கு சுற்று. அப்பா படத்தில் பார்த்திருந்தபடியால் உடனே கண்டுபிடித்துவிட்டார். கைகூப்பியபடி சொன்னார்:

"நீ செத்துட்டியே, தாயி!"

அவள் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு முழங்காலை மடக்கி வணங்கினாள். அவர்கள் ஊரில் பெரியவர்களை அப்படித்தான் வணங்குவார்களாம். அப்புறம் என்னைப் பார்த்து, "உன் அப்பா என்ன சொன்னார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நல்லா இருக்கியான்னு கேக்கிறார்," என்றேன். ஏழு வருடத்துக்குப் பிறகு நான் அவளிடம் நேரில் பேசிய முதல் பேச்சு அது.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களைப் பார்வையிட அவர்கள் அரசாங்கம் அனுப்பிய குழுவில் வந்திருக்கிறாள். "எங்க ஊர் மரம் அது. எங்க மரத்தைப் பாக்க எங்களையே விமானத்தில கூட்டிட்டு வந்திருக்காங்க," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் செட்டி வீட்டு அம்மா ஜன்னலுக்கு வந்துவிட்டார். குழு பட்டணத்தில் சாப்பிடும் நேரத்தில் இவள் மட்டும் என் பழைய விலாசத்தைக் காட்டி டாக்சி பிடித்து வந்திருக்கிறாள். ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அவள் இப்போது துறைத் தலைவி. காலையில் பாடம், மாலையில் தொழிற்சாலை. அவளிடம் படித்த பெண்கள் ஊர் ஊராகப் போய்த் தாய்மாருக்குக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே ஒரு பிள்ளை தத்தி நடந்து வந்தால் 'இது டப்பாப் பிள்ளை' என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. பையைத் திறந்து ஒரு டப்பாவை மேசைமேல் வைத்தாள். பச்சைப்பயறு அங்கே கிடைக்காததால் காராமணி. மற்றபடி மூன்றுக்கு ஒன்று. "நீ சொன்னதுதான். ஒரு கரண்டிகூட நான் மாத்தல," என்றாள்.

நான் டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். சந்தோஷம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. அதற்காக வெட்கமாக இருந்தது.

அப்பா எதிர் நாற்காலியில் முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கண் அவளை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் "என்னா சொல்லுது? என்னா சொல்லுது?" என்று கேட்டார். பழம் கொண்டுவந்து வைத்தார். விசிறியை அவள் பக்கம் திருப்பினார். செத்தவள் திரும்பி வந்த மகிழ்ச்சியும், வேறொரு பயமும் மாறி மாறி முகத்தில் தெரிந்தன.

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். இனி அவள் கேட்கப்போவது எனக்குத் தெரிந்தது.

"ஏன் பதில் போடல நீ?"

நான் பழத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எங்க அப்பா இறந்த வாரத்திலதான் துறைக்கு அனுமதி வந்தது. துக்க வீட்ல இருந்த கறுப்புக் கரைக் காகிதத்திலயே உடனே எழுதினேன், நீ காத்துக்கிட்டிருப்பேன்னு. நியமனக் கடிதமும் உள்ள வெச்சேன். நீ கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி." கோப்பையின் பிடியைத் திருப்பினாள். "வர இஷ்டமில்லன்னா பரவால்ல. எங்க அப்பாவுக்காகவாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"என்னா கேக்குது?" என்றார் அப்பா. குரல் மிகவும் தணிந்திருந்தது.

"டீ நல்லா இருக்காம்ப்பா."

சொல்லியிருக்கலாம். அவளுக்குப் புரிந்திருக்கும், சிரித்திருக்கவும் செய்வாள். ஆனால் சொன்ன நொடியில் அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்திருப்பாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தப் பார்வை புரியாமல் போகாது. நான்கு வருடம் அவளுக்கு இலை போட்ட மனுஷர்.

"எனக்கு வர மனசில்ல," என்றேன். "எப்படி எழுதறதுன்னு தெரியல. அதான் எழுதல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அதான் திரும்ப எழுதல," என்றாள். பிறகு, "ஒரு வருஷம் அந்த இடத்துல வேற யாரையும் போடாம வெச்சிருந்தேன். கல்லூரியில சண்டை போட்டு வெச்சிருந்தேன்," என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார். அவள் அப்பாவை மறுபடி முழங்கால் மடக்கி வணங்கினாள், என்னைக் கட்டிக்கொண்டாள். என் கைகள் இருபக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன, தூக்க வேண்டும் என்று நினைத்தபோது அவள் வண்டியில் ஏறியிருந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. வருடப்பிறப்புக்கு வாழ்த்து அட்டை வரும், நானும் அனுப்புவேன். அவள் பேராசிரியர் ஆனதும் தொழிற்சாலை இரண்டானதும் அட்டைகளில்தான் தெரிந்தது.

வண்டி திருப்பம் போகும்வரை அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அன்னக்கி வந்த கடுதாசி... அதுல என்னாதான் இருந்திச்சாம்? கேட்டியா?"

"கேட்டேன்ப்பா. அவங்க அப்பா தவறிட்டாராம். அதச் சொல்லி எழுதியிருக்கா."

அவர் நெஞ்சிலிருந்து மூச்சு இறங்கியது. "அப்ப சாவுக் கடுதாசிதான்."

"ஆமாப்பா."

"நான் கிழிச்சது சரிதான்."

"சரிதான்ப்பா."

கீழே கிடந்த கத்தியை எடுத்தார். செம்பருத்தியில் ஒரு கிளையை வெட்டினார். அப்புறம் நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"வேற ஒன்னும் எழுதலியே?"

"இல்லப்பா," என்றேன். "வேற ஒன்னுமில்ல."